ஹாஃப்-லைஃப் 3: இருக்கிறது, ஆனால் வருமா?

டோட்டா 2 என்ற ஆன்லைன் கேமை ஆடுகிறவர்களுக்கு அப்டேட் என்றால் பெரும்பாலும் ஒரு புதுத் தொப்பி, ஒரு ஹீரோவின் பலத்தில் சின்னக் குறைப்பு, நாலைந்து பிழைத்திருத்தம், அவ்வளவுதான். இறங்கி முடிந்ததும் ஆட்டத்துக்குப் போய்விடுவார்கள். அதே அப்டேட் இறங்கிய சில நிமிடங்களில் இன்னொரு கூட்டம் அதைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிடும். இவர்களில் பலருக்கு டோட்டா ஆடவே தெரியாது. ஸ்டீம்டிபி என்கிற தளம் வால்வ் நிறுவனத்தின் கேம்களில் எந்த ஃபைல் எப்போது மாறியது என்பதைத் தானாகவே பதிவு செய்து, புரோகிராமர்கள் கோடு போட்டுவைக்கும் கிட்ஹப் தளத்தில் போட்டுவைக்கிறது. அந்தப் பக்கத்தைத் திறந்தால் நீக்கப்பட்ட வரி சிவப்பிலும் சேர்ந்த வரி பச்சையிலும் தெரியும். பச்சை வரிகள் நூற்றுக்கணக்கில் ஓடும். ஹீரோ பெயர், தொப்பிப் பெயர், ஒலி ஃபைல் என்று விரலால் தள்ளிக்கொண்டே போனால், டோட்டாவுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சொல் நடுவில் எங்கேயாவது மாட்டும். எச்எல்எக்ஸ் (HLX) என்று மூன்றே எழுத்து. வால்வின் ஹாஃப்-லைஃப் தொடரில் அடுத்து வரப்போகும் கேமின் குறிப்பெயர் இது என்பது ரசிகர்களின் நம்பிக்கை.

அன்றைக்கு ராத்திரிக்குள் யூடியூபில் வீடியோ வந்துவிடும். தலைப்பில் ஹாஃப்-லைஃப் 3 இருக்கும்.

இந்த மூன்று எழுத்தை வால்வ் இதுவரை ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாத ஒரு கேமைப் பற்றி இத்தனை விவரம் எப்படி வெளியே வருகிறது, அதில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதைப் பார்க்கலாம். முதலிலேயே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். ரசிகர்கள் கண்டுபிடிப்பது பெரும்பாலும் உண்மைதான். அவர்கள் சறுக்குவது அதற்கு அடுத்த படியில். ஒரு கேம் "தயாராகிறது" என்பதற்கான சான்றை அது "வெளிவருகிறது" என்பதற்கான சான்றாக எடுத்துக்கொள்கிறார்கள். மற்ற ஸ்டுடியோக்களில் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வாய்க்கால் அளவு தூரம் இருக்கும். வால்வில் அது கடல்.

டோட்டா ஃபைலில் ஹாஃப்-லைஃப் ஏன் வந்து உட்காருகிறது? வால்வின் இன்றைய கேம்கள் சோர்ஸ் 2 என்ற ஒரே இன்ஜினில், அதாவது கேமுக்கு அடித்தளமான மென்பொருளில், ஓடுகின்றன. 2015இல் டோட்டா 2 முதலில் இந்த இன்ஜினுக்கு மாறியது. பிறகு ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ், 2023 செப்டம்பரில் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, அடுத்து டெட்லாக். கூட்டுக் குடும்பத்தில் ஒரே சமையலறை மாதிரி. பெரிய மருமகள் யாருக்கும் சொல்லாமல் ஏதோ புதுப் பலகாரம் செய்து பார்க்கிறாள் என்றால், அஞ்சறைப்பெட்டியில் என்ன குறைந்தது, என்ன புதிதாக வந்தது என்று பார்த்தாலே மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். அறிவிக்காத கேமுக்காக ஒரு புரோகிராமர் இன்ஜினில் ஒரு வசதியைச் சேர்க்கிறார். அந்த வசதியை ஏற்றி இறக்கிப் பார்க்க ஒரு கட்டளை வைக்கிறார். அந்தக் கட்டளைக்கு ஒரு பெயரும், பக்கத்தில் இருப்பவருக்குப் புரிய ஒரு வரி விளக்கமும் இருக்கும். இன்ஜின் பொது என்பதால், அடுத்த வாரம் டோட்டாவுக்கு அப்டேட் கட்டும்போது அந்தப் பெயரும் விளக்கமும் கூடவே கட்டுக்குள் போய்விடுகின்றன. யாரும் திருடவில்லை, யாரும் உள்ளே நுழையவில்லை. வால்வே உங்கள் கம்ப்யூட்டரில் கொண்டுவந்து இறக்கியதுதான்.

இந்த வரிகளைப் படிக்க ஒரு பழக்கம் வேண்டும். பெயரை மட்டும் பார்க்கிறவர் ஏமாறுவார். அனுபவப்பட்டவர் முதலில் கேட்பது, "இது இப்போது இருக்கும் எந்தக் கேமுக்காவது தேவைப்படுமா?" என்பதைத்தான். நிழல் விழுவதில் ஒரு மாற்றம் என்றால் அது கவுன்டர்-ஸ்ட்ரைக்குக்காக இருக்கலாம், விட்டுவிடலாம். கம்ப்யூட்டர் இயக்கும் எதிரி எப்படிப் பார்க்கிறான், எந்தச் சத்தத்துக்குத் திரும்புகிறான் என்பது போன்ற வரி வந்தால்தான் நிமிர்ந்து உட்கார வேண்டும். மனிதரும் மனிதரும் மோதும் டோட்டாவிலும் கவுன்டர்-ஸ்ட்ரைக்கிலும் அதற்குப் பெரிய வேலை கிடையாது. தனியாக ஒருவர் ஆடும் கதைக் கேமுக்குத்தான் அது தேவை. இரண்டாவது கேள்வி, இது விஆர் கண்ணாடிக்கானதா, சாதாரணத் திரைக்கானதா? இந்தத் துறையில் பல ஆண்டுகளாகப் பேர் வாங்கிய டைலர் மெக்விக்கர், எச்எல்எக்ஸ் என்பது விஆர் அல்லாத ஹாஃப்-லைஃப், அதில் ஆடுபவர் தொடரின் நாயகன் கார்டன் ஃப்ரீமேனாகவே இருப்பார் என்று சொல்லிவருவது இந்த வகை வாசிப்பிலிருந்துதான். கேப் ஃபாலோவர் என்ற பெயரில் இயங்கும் இன்னொருவரும் இதே ஃபைல்களைக் கிண்டுகிறார். இருவரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தால் அதற்குக் கொஞ்சம் எடை உண்டு. ஆனால் இருவர் படிப்பதும் ஒரே ஃபைல் என்பதை மறந்துவிடக்கூடாது. ஒரே கிணற்றில் இரண்டு வாளி.

இந்தப் பசி ஏன் இவ்வளவு என்பதற்குப் பழைய கதை கொஞ்சம் தேவை. தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். 1998இல் ஹாஃப்-லைஃப், 2004 நவம்பர் 16இல் ஹாஃப்-லைஃப் 2. அடுத்த முழுக் கேமுக்கு இன்னும் ஆறேழு வருடம் இழுக்க வேண்டாம் என்று, கதையைச் சின்னச் சின்ன எபிசோடுகளாகத் தருவோம் என்றது வால்வ். முதல் எபிசோடு 2006 ஜூனில். இரண்டாவது 2007 அக்டோபர் 10இல். இரண்டாவதின் கடைசிக் காட்சியில் கார்டனின் தோழி அலிக்ஸின் கண்ணெதிரே அவள் அப்பா எலை வான்ஸ் கொல்லப்படுகிறார், அவள் அழுகிறாள், திரை கறுக்கிறது. போரியாலிஸ் என்ற கப்பலைத் தேடி ஆர்க்டிக்குக்குப் போக வேண்டும் என்ற பேச்சு அந்தரத்தில் நிற்கிறது. மூன்றாவது எபிசோடு 2007 கிறிஸ்துமஸுக்குள் வந்துவிடும் என்று 2006இல் சொல்லியிருந்தார்கள். எந்தக் கிறிஸ்துமஸ் என்று இன்னும் தெரியவில்லை.

இனி விஷயத்தின் மையத்துக்கு வருவோம். அதற்கு 2013க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு வால்வ் உள்ளே பயன்படுத்தும் ஜிரா என்ற வேலைப் பதிவுக் கருவியின் பட்டியல் ஒன்று வெளியே தெரிந்துவிட்டது. எந்தக் குழுவில் யார் யார் என்ற பட்டியல். அதில் "ஹாஃப்-லைஃப் 3" என்று ஒரு குழு. வால்வின் வேறொரு கேம் தொடரின் பெயரில் "லெஃப்ட் 4 டெட் 3" என்று இன்னொன்று. குழுவில் இருந்தவர்கள் நிஜமான வால்வ் ஊழியர்கள். ரசிகர் உலகம் குதித்தது. சந்தேகப்பட்டவர்கள், யாரோ போட்டோஷாப்பில் செய்தது என்றார்கள், பழைய பெயராக இருக்கும் என்றார்கள். ஆண்டுகள் ஓடின. எதுவும் வரவில்லை. "பார்த்தாயா, பொய்" என்று சந்தேகப்பட்டவர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்கள்.

2020இல் கேம் பத்திரிகையாளர் ஜெஃப் கீலி "தி ஃபைனல் அவர்ஸ் ஆஃப் ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ்" என்ற ஊடாட்ட நூலை வெளியிட்டார். வால்வ் உள்ளே விட்டுப் பேசவைத்து எழுதியது. அதில் இருந்தது விடை. 2013, 2014 வாக்கில் ஹாஃப்-லைஃப் 3 என்ற கேமில் உண்மையாகவே வேலை நடந்திருக்கிறது. கையால் செதுக்கிய கதைப் பகுதிகளுக்கு நடுவே, ஒவ்வொரு முறை ஆடும்போதும் கம்ப்யூட்டரே புதிதாக அமைத்துத் தரும் சண்டைப் பகுதிகள் என்று யோசித்திருக்கிறார்கள். தொடரில் வரும் மர்ம மனிதன் ஜி-மேனுக்கு முகம் கொடுத்த ஃபிராங்க் ஷெல்டனை வரவழைத்து ஸ்கேன்கூட எடுத்திருக்கிறார்கள். சோர்ஸ் 2 அப்போது அரைகுறையாக இருந்ததால் கேம் தூரம் போகாமலே கைவிடப்பட்டது. மொராக்கோவில் நடப்பதாக யோசித்த லெஃப்ட் 4 டெட் 3க்கும் அதே கதிதான். இவை போதாதென்று, ஹாஃப்-லைஃபின் எழுத்தாளர் மார்க் லெய்ட்லா போரியாலிஸ் கப்பலை வைத்து ஒரு விஆர் கேமைத் தொடங்கியிருந்தார். கப்பலின் முனையில் நின்று மீன்பிடிக்கும் ஒரு சின்ன ஆட்டம்வரை அதில் யோசனை போயிருக்கிறது. உலகமே அந்தக் கப்பலுக்காகப் பதிமூன்று வருடம் காத்திருக்க, உள்ளே தூண்டில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

ஆக, அந்த ஜிரா பட்டியல் பொய்யே இல்லை. அதில் இருந்த இரண்டு பெயரும் உண்மை. இரண்டு கேமும் செத்துவிட்டன. லீக் நூற்றுக்கு நூறு சரி, அதிலிருந்து போட்ட கணக்கு நூற்றுக்கு நூறு தப்பு. எச்எல்எக்ஸ் பற்றிய எந்தப் புதுச் செய்தியைப் படிக்கும்போதும் எனக்கு இந்தப் பட்டியல்தான் ஞாபகம் வரும்.

வேறு பெரிய ஸ்டுடியோவில் இத்தனை கேம்கள் நடுவழியில் சாவது கஷ்டம். பங்குச் சந்தைக்குக் கணக்குக் காட்ட வேண்டும், வெளியீட்டாளர் முன்பணம் கொடுத்திருப்பார், விளம்பரத்துக்கு இடம் பிடித்திருப்பார்கள். வால்வ் தனியார் நிறுவனம். மைக்ரோசாஃப்டிலிருந்து வந்த கேப் நியூவெலும் மைக் ஹாரிங்டனும் 1996இல் தொடங்கியது. உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஸ்டீம் கடை அவர்களுடையது. விற்பனையில் பங்கு தானாக வந்து விழுகிறது. கேம் வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அடுப்படியில் இல்லை. ஆள்பலமும் சின்னதுதான். அமெரிக்க நீதிமன்ற வழக்கொன்றில் வெளிவந்த ஆவணப்படி 2021இல் மொத்தமே 336 பேர், அதில் கேம் வேலையில் 181 பேர். இந்த 181 பேர்தான் டோட்டாவையும் கவுன்டர்-ஸ்ட்ரைக்கையும் பராமரித்துக்கொண்டு, டெட்லாக்கையும் கட்டிக்கொண்டு, ஹாஃப்-லைஃபையும் பார்க்க வேண்டும்.

இதற்கு மேல் அந்த மேசைகள். 2012இல் வெளியே கசிந்த வால்வ் ஊழியர் கையேட்டில், ஒவ்வொருவர் மேசைக்கும் சக்கரம் இருக்கிறது, எந்த வேலை முக்கியம் என்று தோன்றுகிறதோ அங்கே உருட்டிக்கொண்டு போகலாம் என்று படம் போட்டு விளக்கியிருக்கும். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் ஒரு கேம் நடுவில் தொய்யும்போது, எல்லா கேமும் நடுவில் தொய்யத்தான் செய்யும், பிளக்கைப் பிடுங்கி மேசையை உருட்டிக்கொண்டு போகவும் அதே சக்கரம்தான் உதவுகிறது. மேலே நின்று "முடித்துவிட்டுப் போ" என்று சொல்ல ஆள் இல்லை.

மூன்றாம் எபிசோடுக்கும் கிட்டத்தட்ட அதுதான் நடந்தது. ஹாஃப்-லைஃப் 2இன் இருபதாம் ஆண்டை ஒட்டி 2024 நவம்பரில் வால்வ் வெளியிட்ட ஆவணப்படத்தில் அதன் சில துண்டுகளை முதன்முறையாகக் காட்டினார்கள். பனியைச் சுவராகவும் பாதையாகவும் உறையவைக்கும் ஒரு துப்பாக்கி. உருவமில்லாமல் நெளிந்து, துண்டாகி, சேரும் ஒரு குழம்பு உயிரி. சில மாத வேலைதான் நடந்திருந்தது. அதற்குள் லெஃப்ட் 4 டெட் கேமை 2008இல் முடித்து அனுப்பப் பலரும் அந்தப் பக்கம் போனார்கள். திரும்பி வந்தபோது சூடு ஆறிவிட்டது. கதையை முடித்துவைப்பதற்காக மட்டும் ஒரு கேம் செய்ய முடியாது, அதில் புதிதாக எதை முன்னே நகர்த்துகிறோம் என்று தனக்கே தெரியவில்லை என்கிற அர்த்தத்தில் நியூவெல் அந்தப் படத்தில் பேசுகிறார். எனக்கு இதில் பாதிதான் ஒப்புதல். அழும் பெண்ணோடு கதையை நிறுத்திவிட்டு, முடிப்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் கிடைக்கவில்லை என்பது கொஞ்சம் அதிகம். பொறுக்க முடியாமல் லெய்ட்லாவே, வேலையை விட்டு வந்த பிறகு, 2017 ஆகஸ்டில் தன் தளத்தில் மூன்றாம் எபிசோடின் கதைச் சுருக்கத்தைப் பாத்திரங்களின் பெயரையும் பாலினத்தையும் மாற்றிக் கடித வடிவில் போட்டுவிட்டார். அதைப் படித்த கோபத்தில் ரசிகர்கள் போய்த் திட்டி விமர்சனம் எழுதிக் குவித்தது எங்கே தெரியுமா? டோட்டா 2 பக்கத்தில். பாவம் டோட்டா, அன்றும் இன்றும் அண்ணன் கணக்குக்கு அதுதான் அடி வாங்குகிறது.

இப்படி ஃபைலைக் கிண்டும் டேட்டாமைனர்கள் வென்ற கதையும் உண்டு. 2016, 2017 வாக்கிலிருந்தே வால்வின் ஃபைல்களில் எச்எல்விஆர் என்ற சொல் எட்டிப்பார்த்தது. ஹாஃப்-லைஃப், விஆர் என்று பிரித்துப் படிக்கப் பெரிய மூளை வேண்டாம். 2019 நவம்பர் 18இல் ட்விட்டரில் ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ் என்று வால்வ் அறிவித்தபோது, மூன்று வருடமாக இதைச் சொல்லிவந்தவர்கள் ஆச்சரியப்படவில்லை. 2020 மார்ச் 23இல் கேம் வந்துவிட்டது. அறிவிப்புக்கும் வெளியீட்டுக்கும் நடுவே நாலே மாதம்.

தோற்ற கதை இன்னும் சுவாரசியம், ஏனென்றால் அதில் கிடைத்த சொல்லும் உண்மைதான். அலிக்ஸுக்குப் பிறகு ஃபைல்களில் "சிட்டடெல்" என்ற பெயர் வரத் தொடங்கியது. ஹாஃப்-லைஃப் 2 ஆடியவருக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் சிட்டி 17 நடுவே வானத்தைக் கிழித்து நிற்கும் கருநீலக் கோபுரம் கண்ணில் வரும். அதன் பெயரே சிட்டடெல். வேறு என்னவாக இருக்க முடியும்? ஹாஃப்-லைஃப் உலகில் நடக்கும் கேம் என்று கணக்குப் போட்டு மணிக்கணக்கில் வீடியோக்கள் வந்தன. கடைசியில் சிட்டடெல் என்பது டெட்லாக். பழைய நியூயார்க் சாயலில் மந்திரவாதிகளும் பேய்களும் ஆறுக்கு ஆறாக மோதும் ஆன்லைன் கேம். கார்டன் ஃப்ரீமேன் அந்தத் தெருப்பக்கமே வருவதில்லை. டெட்லாக்கை நிறுவியிருப்பவர்கள் அதன் ஃபோல்டரைத் திறந்து பார்க்கலாம், உள்ளே இன்றும் "சிட்டடெல்" என்றுதான் இருக்கும். குறிப்பெயரை வைத்து ஜாதகம் கணிக்கக்கூடாது என்பதற்கு அந்த ஃபோல்டரே சாட்சி.

டெட்லாக் வெளிவந்த விதத்தையும் சொல்லியாக வேண்டும். 2024இல் அழைப்பு வைத்து ஆள் சேர்த்து ரகசியமாக ஆடவிட்டார்கள். அழைக்கப்பட்டவர் நண்பரை அழைக்கலாம், அவர் இன்னொருவரை. ஆகஸ்டில் ஒரே நேரத்தில் 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள், அப்போதும் அதிகாரபூர்வமாக அப்படி ஒரு கேமே இல்லை! கேமைத் திறந்ததும், இதைப் பற்றி யாரிடமும் பகிராதீர்கள் என்று ஒரு பெட்டி எழும். தி வெர்ஜ் இதழின் ஷான் ஹாலிஸ்டர் அந்தப் பெட்டியில் சரி என்று அழுத்தாமல் எஸ்கேப் பட்டனை அழுத்திவிட்டு, தான் எதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை என்று சொல்லி கேமைப் பற்றி விரிவாக எழுதினார். வால்வ் வழக்குப் போடவில்லை, அவருக்கு ஆட்டத்தில் சேரும் வசதியை மட்டும் நிறுத்திவிட்டது. ஆகஸ்ட் 23இல் ஸ்டீமில் டெட்லாக்குக்கு ஒரு பக்கம் திறந்து, சத்தமில்லாமல் ஒப்புக்கொண்டது.

ஃபைல் வரிகளுக்கு வெளியே இன்னொரு வகைச் "சான்று" உண்டு. மெல்வதற்கு ஒன்றுமில்லாத காலத்தில் ரசிகர்கள் இதைத்தான் மெல்வார்கள். 2011 டிசம்பரில் ஒரு நிகழ்ச்சியில் வால்வ் ஊழியர் ஒருவர் ஹாஃப்-லைஃப் 3 என்று அச்சிட்ட டி-ஷர்ட் போட்டுக்கொண்டு வந்தார், அதற்கே இணையம் தீப்பிடித்தது. 2012இல் ஒரு பேட்டியில் நியூவெல், கேட்டவரோடு சேர்ந்துகொண்டு ஹாஃப்-லைஃபைப் பற்றி "ரிக்கோஷே 2" என்று வேறு பெயரில் பேசினார். ரிக்கோஷே என்பது 2000இல் வந்த, யாரும் தொடர்ச்சி கேட்காத சின்ன கேம். அந்தக் கேலியையே ஆள்கள் வரிவரியாகப் பிரித்து அர்த்தம் தேடினார்கள். 2024இல் ஒரு குரல் நடிகையின் வேலைப் பட்டியலில் வால்வுக்காக "ஒயிட் சாண்ட்ஸ்" என்று ஒரு வரி இருந்து பிறகு காணாமல் போனது. ஒயிட் சாண்ட்ஸ் இருப்பது நியூ மெக்சிகோவில், முதல் ஹாஃப்-லைஃபின் பிளாக் மீசா ஆய்வகமும் நியூ மெக்சிகோவில், ஆகவே. அதே ஆண்டின் கடைசி நாளில் ஜி-மேனுக்குக் குரல் கொடுக்கும் மைக் ஷபிரோ, பல வருட மௌனத்துக்குப் பிறகு, எதிர்பாராத ஆச்சரியங்கள் வரட்டும் என்று புத்தாண்டு வாழ்த்துப் போட்டு, அடியில் வால்வ், ஹாஃப்-லைஃப், ஜி-மேன், 2025 என்று ஹேஷ்டேக் மாட்டினார். 2025 வந்தது, போனது.

இவற்றை ஒரே தட்டில் வைக்கக்கூடாது. நடிகையின் பட்டியலில் இருந்த வரிக்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு, ஏனென்றால் அது யாருக்காகவும் எழுதிய குறிப்பு இல்லை, பிழைப்புக்காக எழுதிய பட்டியல். ஃபைலில் தவறி விழுந்த வரியும் அப்படித்தான், யாரும் பார்ப்பார்கள் என்று நினைத்து எழுதவில்லை. டி-ஷர்ட்டும் ஹேஷ்டேக்கும் பார்ப்பவருக்காகவே செய்தவை. கண் சிமிட்டுகிறவர் ரகசியம் தெரிந்து சிமிட்டுகிறாரா, நம்மைச் சீண்டிப் பார்க்கச் சிமிட்டுகிறாரா என்று எந்த டேட்டாமைனராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

வால்வ் ஏன் இப்படி உதட்டைத் தைத்துக்கொண்டிருக்கிறது? பழக்கதோஷம் என்று சொல்லிவிடலாம். எனக்கென்னவோ இரண்டு சூடு பட்ட தழும்பு தெரிகிறது. ஹாஃப்-லைஃப் 2 வெளிவரும் நாள் 2003 செப்டம்பர் 30 என்று ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தார்கள். அந்தத் தேதிக்குக் கேம் தயாராக இல்லை. அதே சமயத்தில் ஜெர்மனியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் வால்வின் நெட்வொர்க்குக்குள் புகுந்து கேமின் சோர்ஸ் கோடை எடுத்துவிட, அது இணையம் முழுக்கப் பரவியது. சொன்ன தேதியும் பொய்யானது, முடிக்காத வேலையும் தெருவுக்கு வந்தது. கேம் வர இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அடுத்த தழும்பு அந்த 2007 கிறிஸ்துமஸ் வாக்கு. தேதி சொல்லிச் சொல்லி அடி வாங்கிய நிறுவனம் இனி முடித்த பிறகுதான் வாயைத் திறப்பேன் என்று முடிவெடுத்தால், ஆச்சரியமில்லை. அலிக்ஸுக்கு நாலு மாதம், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2க்கு ஆறு மாதம் என்று அறிவிப்புக்கும் வெளியீட்டுக்கும் இடைவெளி சுருங்கியது இந்தக் கணக்கில்தான்.

ஆனால் இந்த மௌனம் ரசிகர்களிடம் ஒரு விசித்திரமான தர்க்கத்தை வளர்த்துவிட்டது. வால்வ் கடைசி நேரத்தில்தான் சொல்லும். இப்போது ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே கடைசி நேரம் நெருங்கிவிட்டது. இந்த மூன்று வரியை 2009இலும் எழுதியிருக்கலாம், 2016இலும் எழுதியிருக்கலாம். எந்த வருடத்துக்கும் பொருந்தும் சட்டை யாருக்கும் அளவெடுத்துத் தைத்ததில்லை. 2025 நவம்பர் 12இல் வால்வ் ஸ்டீம் மெஷின் என்ற கேம் பெட்டி, ஸ்டீம் ஃபிரேம் என்ற விஆர் கண்ணாடி, புதிய கன்ட்ரோலர் என்று மூன்று கருவிகளை அறிவித்தபோது இந்தத் தர்க்கம் உச்சத்துக்குப் போனது. விஆர் கருவியை விற்க அலிக்ஸ் வந்த மாதிரி, இந்த மெஷினை விற்க ஹாஃப்-லைஃப் 3 வந்துதானே தீர வேண்டும்? நவம்பர் 19 முதல் கேமின் பிறந்தநாள், அன்றைக்கு அறிவிப்பு என்றார்கள். அன்று ஒன்றுமில்லை. டிசம்பர் 11இல் கீலி நடத்தும் தி கேம் அவார்ட்ஸில் என்றார்கள். அங்கேயும் இல்லை. எண்ணிக்கை என்று பார்த்தால் மூன்று கருவி, ஆகவே மூன்று என்று சிரித்துக்கொண்டே எழுதியவர்களும் இருந்தார்கள். பாதி சிரிப்புதான் அது.

குறி சொல்லிப் பலிக்காவிட்டால் யாரும் காசைத் திருப்பிக் கேட்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மூன்று எழுத்து கிடைத்தால் ஒரு வீடியோ. அந்த மூன்று எழுத்தை அடுத்த அப்டேட்டில் வால்வ் அழித்தால் அதற்கும் ஒரு வீடியோ: எதையோ மறைக்கிறார்கள்! அழிக்காமல் விட்டால் வேலை தொடர்கிறது. மெக்விக்கர் போன்றவர்கள் தப்பானதைத் தப்பு என்று பிறகு ஒப்புக்கொள்கிறார்கள், அதைப் பாராட்ட வேண்டும். அவர்கள் "இருக்கலாம்" என்று போட்டதை எடுத்து, "இருக்கலாம்" என்பதை மட்டும் உதிர்த்துவிட்டுப் பரப்புகிற இருபது சேனல்கள்தான் தொல்லை.

சரி, இந்த முறை வித்தியாசம் எதுவும் இல்லையா என்றால், இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். 2013இல் கிடைத்தது ஒரு பட்டியல், ஒரே ஒரு படம். எச்எல்எக்ஸ் வருடக்கணக்கில், அப்டேட் அப்டேட்டாக, வளர்ந்துகொண்டே வருகிற தடயம். மேசைகள் உருண்டு போயிருந்தால் இந்த ஓட்டம் நின்றிருக்கும். சோர்ஸ் 2 அரைகுறை என்ற பழைய சாக்கும் இப்போது செல்லாது, அந்த இன்ஜினில் நாலு கேம் ஓடுகிறது. இன்னொன்று, அலிக்ஸின் முடிவு. அதை ஆடாதவர்கள் அடுத்த இரண்டு வரியைப் படிக்க வேண்டாம். பதிமூன்று வருடம் முன் இறந்த எலை வான்ஸை அந்த முடிவு உயிரோடு மீட்டு, கார்டனின் கையில் பழைய கடப்பாரையைக் கொடுக்கவைக்கிறது. தொடர்ச்சி எடுக்கும் எண்ணமே இல்லாதவர்கள் தாங்களே போட்ட முடிச்சை இத்தனை மெனக்கெட்டு அவிழ்க்க மாட்டார்கள்.

இவ்வளவும் "தயாராகிறது" என்ற தட்டில்தான் சேரும். "வருகிறது" என்ற தட்டில் சேரும் தடயங்கள் வேறு மாதிரி இருக்கும், அவற்றைத் தேடுவதில் அவ்வளவு கிளுகிளுப்பும் கிடையாது. வயது வரம்புச் சான்று ஒன்று. கொரியாவின் தரச்சான்று வாரியத்தின் பதிவுகளில் அறிவிக்காத கேம்களின் பெயர் முன்கூட்டியே தலைகாட்டுவது இந்தத் துறையில் வாடிக்கை. பெரும்பாலும் முடியும் தறுவாயில் இருக்கும் கேமுக்குத்தான் சான்று கேட்பார்கள். இன்னொன்று மொழிபெயர்ப்பு. வசனம் இனி மாறாது என்று முடிவான பிறகுதான் அதை ஜப்பானியத்துக்கும் போர்த்துகீசியத்துக்கும் முழுசாகக் கொண்டுபோவார்கள். நாளைக்கு வெட்டப்போகும் காட்சிக்கு யாரும் பத்து மொழியில் கூலி கொடுப்பதில்லை. அப்புறம் ஸ்டீமில் விலை வைக்கத் தயாராகும் கடைப் பக்கம். எச்எல்எக்ஸ் பற்றிய இத்தனை வருடத்துப் பச்சை வரிகளில் எதிரியின் காது உண்டு, எதிரியின் கண் உண்டு. 2025 முடியும்வரை இந்த மூன்றில் ஒன்றும் வெளியே தெரியவில்லை.

அதற்குள் டோட்டாவுக்கு அடுத்த அப்டேட் வந்திருக்கும். யாரோ ஒருவர் தொப்பிகளையெல்லாம் தள்ளிவிட்டுக்கொண்டே கீழே போய்க்கொண்டிருப்பார்.